17 வயசா? இப்பவே மனு கொடு! ஓட்டு லிஸ்டில் பேர் இல்லாவிட்டால் கிராம சபையிலும் கை தூக்க முடியாது

பிளஸ்-2 முடித்துவிட்டு காலேஜ், கம்பெனி என்று கிளம்பும் பிள்ளைகளிடம் "ஓட்டர் ஐ.டி. எடுத்தாச்சா?" என்று கேட்டால், "எலெக்சன் வரட்டும் பார்க்கலாம்" என்பதுதான் பதில். இந்த பதிலால் பல வாலிபர்கள் முதல் ஓட்டையே கோட்டை விடுகிறார்கள். ஓட்டு மட்டும் போனால் பரவாயில்லை, ஊரில் பேசுகிற உரிமையும் சேர்ந்து போகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

நம் நாட்டில் முன்பு ஓட்டுப்போட 21 வயது ஆக வேண்டும். 1989-ம் ஆண்டு அது 18 ஆக குறைக்கப்பட்டது. வயது குறைந்ததே தவிர ஒரு சிக்கல் நீடித்தது. ஜனவரி 1-ந்தேதி அன்று 18 வயது முடிந்திருந்தால்தான் அந்த ஆண்டு பட்டியலில் சேர முடியும். ஜனவரி 2-ந்தேதி பிறந்த பையன் ஒரே ஒரு நாளுக்காக அடுத்த ஜனவரி வரை காத்துக்கிடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். 2001 ஜனவரி 2-ல் பிறந்தவருக்கு அப்போது 19 வயது ஆக சில நாள்தான் பாக்கி. ஆனாலும் ஓட்டு இல்லை. அடுத்த வாய்ப்புக்கு குறைந்தது 5 வருஷம் பொறுக்கணும். இது என்ன நியாயம் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது!

வருஷத்துக்கு 4 வாய்ப்பு

2021 டிசம்பரில் பாராளுமன்றம் சட்டத்தை திருத்தியது. 2022 ஆகஸ்டு 1 முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய 4 தேதிகளில் எதில் 18 முடிகிறதோ அதை வைத்து பட்டியலில் சேரலாம். இன்னொரு சலுகை, 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே மனு கொடுத்துவிடலாம். 18 நிறைந்த பிறகு அந்த காலாண்டில் பேர் ஏறும்.

இதற்கு படிவம் 6. ஊரில் பூத் அலுவலராக இருக்கும் டீச்சரிடமோ, அங்கன்வாடி ஊழியரிடமோ கொடுக்கலாம். செல்போனிலும் போடலாம். வயதுக்கு பிறப்பு சான்றிதழ் அல்லது 10-ம் வகுப்பு மார்க் ஷீட், முகவரிக்கு பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு ஆதாரம், ஒரு போட்டோ, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் 1950-க்கு போன் போடலாம்.

எலெக்சன் அறிவித்த பிறகு ஓடுபவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்கு பிறகு யார் பேரையும் சேர்க்க மாட்டார்கள். கலெக்டரே நினைத்தாலும் முடியாது.

கிராம சபையில் என்ன சம்பந்தம்?

பலருக்கும் தெரியாத சங்கதி இதுதான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். இதை 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. பேர் இல்லாதவர் கூட்டத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவர் கை கணக்கில் வராது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று 4 நாள் கூடிவந்த கிராம சபை, 2022-ல் வந்த அறிவிப்பின்படி மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளையும் சேர்த்து வருஷத்துக்கு 6 முறை ஆனது. ஊராட்சியின் வரவு-செலவு அங்கே படிக்கப்படுகிறது. 100 நாள் வேலை, தொகுப்பு வீடு, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் பேசப்படுகிறது. எழுதப்படிக்க தெரிந்த பிள்ளை எழுந்து "அந்த பில்லை காட்டுங்க" என்று கேட்டால் அதன் பலமே வேறு.

கூட்டம் செல்ல ஆள் கணக்கும் உண்டு. 500 பேருக்குள் உள்ள ஊராட்சியில் 50 பேர், 10 ஆயிரத்துக்கு மேல் இருந்தால் 300 பேர் வரவேண்டும். வாலிபர்கள் வராத ஊரில் பெருசுகளை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்த மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கேள்வி கேட்க ஆள் அதிகம் தேவைப்படும் நேரமே அதுதான்.

21 வயதில் வார்டு உறுப்பினர், ஊராட்சி தலைவர் பதவிக்கு நிற்கலாம். எம்.எல்.ஏ.வுக்கு 25. இதற்கும் முதலில் பட்டியலில் பேர் இருந்தாகணும்.

திருப்பூர், சென்னை என்று வேலைக்கு போனவர்கள் ஊரிலும் அங்கேயும் இரண்டு இடத்தில் பேர் வைக்கக்கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை ஜெயில். இடம் மாறினால் படிவம் 8 போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

மனுவை தள்ளுபடி செய்துவிட்டால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம். அவரும் கைவிரித்தால் 30 நாளுக்குள் மாநில தலைமை தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.