கங்கையில் விரல் வையுங்கள்

அட்லஸில் வட இந்தியாவும் பாகிஸ்தானும் இருக்கும் பக்கத்தைத் திறந்து, கங்கையின் மேல் விரலை வையுங்கள். அப்படியே மேற்கே நகருங்கள். யமுனை வருகிறதா? அப்புறம் சட்லெஜ், ராவி, செனாப், ஜீலம்.

ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதே வழியில் பாடிக்கொண்டே போயிருக்கிறார். ரிக் வேதத்தின் 1,028 பாடல்களில், பத்தாம் மண்டலத்தின் 75ஆம் பாடல் நதிகளைப் பற்றியது. அதில் வரும் நதிகளின் வரிசையும் கங்கையில்தான் தொடங்குகிறது. சட்லெஜ் அதில் சுதுத்ரி, ராவி பருஷ்ணி, செனாப் அசிக்னி, ஜீலம் விதஸ்தா. யமுனைக்கும் சட்லெஜுக்கும் நடுவே சரஸ்வதி என்று ஒரு பெயர் வருகிறது. இன்று மழைக்காலத்தில் மட்டும் ஓடும் கக்கர்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சிந்துவைத் தாண்டியும் பாட்டு நிற்கவில்லை. குபா என்பது காபூல் ஆறு. கோமதி என்பது கோமல் ஆறு. காகிதம் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு தேசப்படத்தையே மனப்பாடமாக வைத்திருந்தார்கள்!

இந்தோ-ஆரிய மொழிகளில் மிகப் பழைய நூல் ரிக் வேதம்தான். பாடியவர்கள் மாடு மேய்த்தவர்கள், குதிரை பூட்டிய தேரில் போனவர்கள், யவம் என்ற வாற்கோதுமையை விளைவித்தவர்கள். கங்கையின் பெயர் இந்நூலில் அரிதாகவே வருகிறது. சிந்துவோ திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியானால் அவர்கள் வாழ்ந்த இடம் எது? பஞ்சாப் பக்கம் என்று உங்களுக்கே தோன்றுகிறது அல்லவா!

விலங்குகளையும் பார்ப்போம். யானைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கையுள்ள விலங்கு'. நம் பழந்தமிழிலும் யானைக்குக் 'கைம்மா' என்று ஒரு பெயர் உண்டு. 'மா' என்றால் விலங்கு. தும்பிக்கையைப் பார்த்து வியந்த கண்கள் வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுபோலவே இருந்திருக்கின்றன.

ரிக் வேதத்தில் சிங்கம் கர்ஜிக்கிறது. புலியோ வரவே இல்லை. புலி இல்லாத ஊர் என்று உடனே சொல்லிவிடலாமா? கூடாது. அதற்கும் முந்தைய சிந்துவெளி முத்திரைகளில் புலி அழகாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு தடயத்தை வைத்து முடிவுக்கு வந்தால் ஏமாந்துபோவோம். துணைக்கு வேறு தடயங்களும் வேண்டும். ரிக் வேதத்தில் நெல்லும் கிடையாது. பின்னால் வந்த அதர்வ வேதத்தில் புலி, நெல் இரண்டுமே வந்துவிடுகின்றன. மக்கள் மெல்ல மெல்லக் கிழக்கே, ஈரமான கங்கைச் சமவெளிக்குப் போயிருக்கிறார்கள்.

மண்ணுக்குள் அதற்குச் சாட்சி உண்டா? விரலை மறுபடியும் கங்கைக்குக் கொண்டு வாருங்கள். அதன் பழைய கரையில், மீரட் பக்கம், ஹஸ்தினாபுரம் இருக்கிறது. 1950 முதல் 1952 வரை பி.பி. லால் அங்கே அகழாய்வு செய்தார். ரிக் வேதத்துக்குப் பிந்தைய வேத காலத்தவை என்று பலர் கருதும், கறுப்புக் கோடுகள் தீட்டிய மெல்லிய சாம்பல் நிறப் பானைகள் புதைந்திருந்த அதே மண் அடுக்கில், கரிந்துபோன நெல்மணிகளும் கிடைத்தன.