பாதியில் நின்ற குத்துவிளக்கு

வீட்டுப் பொருள்களைப் பென்சிலால் வரைவதை ஒரு பொழுதுபோக்கு என்றே பலரும் எண்ணுவர். பக்கவாதத்திற்குப் பின் மூளையின் நிலையை அறிய உதவும் எளிய சோதனைகளுள் அதுவும் ஒன்றாகும்.

மூளையின் வலப்பகுதி பாதிக்கப்பட்ட சிலரிடம் குத்துவிளக்கை வரையச் சொன்னால், அதன் வலப்பாதியை மட்டும் வரைந்துவிட்டு, படம் முடிந்தது என்பர். சுவர்க்கடிகாரத்தை வரைந்தால், 12 எண்களையும் வலப்புறத்திலேயே நெருக்கி எழுதிவிடுவர். இதனை 'ஒருபக்கப் புறக்கணிப்பு' என்கிறோம். கண்ணில் குறை இல்லாதபோதும் இது நேரலாம். இடப்பக்கம் என ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கத் தவறுகிறது.

இதை அறியாத குடும்பத்தினர் வருந்துவதுண்டு. இலையின் இடப்பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் தொடப்படாமல் இருக்கும். இடப்புறம் நின்று அழைக்கும் மகளுக்கு மறுமொழி வராது. அலட்சியம் என்றோ பிடிவாதம் என்றோ கடிந்துகொள்ளாதீர்கள். தாம் ஒன்றை விட்டுவிட்டதே அவருக்குத் தெரியாது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. டம்ளர், செம்பு, சாவி, மூக்குக்கண்ணாடி போன்ற பழகிய பொருள் ஒன்றை அவர்முன் வையுங்கள். அழுத்தாமலே கருமையாக எழுதும் 2பி பென்சில் போதும். தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று இடுங்கள். ஒவ்வொரு முறையும் அக்கோட்டைக் கண்டபின் வரையத் தொடங்குமாறு கூறுங்கள். படம் பாதியில் நின்றால் நீங்களே நிறைவு செய்யாமல், "சிவப்புக் கோடு எங்கே இருக்கிறது?" என்று பொறுமையுடன் கேளுங்கள். களைப்புத் தோன்றினால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

வரைதல் மட்டுமே இதற்கு மருந்தாகாது. சிகிச்சையாளர் கற்பிக்கும் பயிற்சிகளுக்கு அது துணை நிற்கும். பலருக்கு வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்ல இக்குறை குறைகிறது. சிலருக்கு நீடிக்கவும் கூடும். அதுவரை அவர் தனியே சாலையைக் கடப்பதும், அடுப்பருகே வேலை செய்வதும் ஆபத்தானவை. மருத்துவர் இசைவின்றி வாகனம் ஓட்டவும் கூடாது.

நலமாக இருந்த ஒருவரிடம் இத்தகைய மாற்றம் திடீரெனத் தோன்றினால், நாளை பார்க்கலாம் எனக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

வரைந்த தாள்களை எறிந்துவிடாதீர்கள். தேதியிட்டுச் சேர்த்துவைத்து, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். விளக்கின் இடப்புறத்தில் புதிதாகத் தோன்றும் ஒரு திரியும் மருத்துவருக்குப் பயனுள்ள செய்தியே.