எறும்பின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறுகிறது. தட்டி விடுகிறோம். சுவரில் சிலந்தி ஓடுகிறது. துடைப்பத்தைத் தேடுகிறோம். செம்பருத்திச் செடியில் ஏதோ ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கிறது. “ஏதோ பூச்சி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

ஆனால், அந்த எறும்புக்கும் ஒரு முகம் உண்டு! முழங்கை மடித்தாற்போல இரண்டு உணர்கொம்புகள். கத்தரிக்கோல் போன்ற தாடைகள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்கள். ஒவ்வொரு கண்ணும் பல சின்னஞ்சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக் கண்.

தினமும் பார்க்கும் எறும்புதான். ஆனாலும் அதன் முகத்தை நாம் பார்த்ததில்லை. நம் கண்ணுக்கு அது அவ்வளவு சிறியது.

இப்படிப்பட்ட சின்னப் பொருள்களுக்கு மிக அருகில் போய், பெரிதாகப் படம் பிடிப்பதற்கு “மேக்ரோ போட்டோ” என்று பெயர்.

“அதற்கெல்லாம் லட்ச ரூபாய் காமிரா வேண்டுமே!” என்கிறீர்களா? வேண்டாம். வேண்டியது மூன்றே மூன்று: வெளிச்சம், ஆடாத கை, பொறுமை. இதற்குச் சாட்சியாக ஒரு விவசாயி மகனின் கதையைச் சொல்லுகிறோம். கேளுங்கள்.

பனியைப் படம் பிடித்த பையன்

அமெரிக்காவில் வெர்மான்ட் என்று ஒரு மாகாணம். அங்கே ஜெரிகோ என்று ஒரு சிற்றூர். குளிர்காலம் வந்தால், வானத்திலிருந்து பஞ்சு உதிர்வது போலப் பனி கொட்டும்.

அந்த ஊரில் 1865-ம் ஆண்டு பிறந்தவர் வில்சன் பென்ட்லி. அப்பா விவசாயி. அம்மா முன்பு ஆசிரியையாக இருந்தவர். மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மாவிடம் பழைய மைக்ராஸ்கோப் ஒன்று இருந்தது. பையனுக்கு 15 வயதானபோது, அது அவன் கைக்கு வந்தது.

பையன் அதில் ஒரு பனித்துகளை வைத்துப் பார்த்தான். அசந்து போனான்! ஆறு முனைகள் கொண்ட அழகான கோலம் ஒன்று அங்கே தெரிந்தது. அடுத்த துகளை வைத்தான். அது வேறொரு கோலம்!

பார்த்ததைக் காகிதத்தில் வரைந்தான். வரைந்து முடிப்பதற்குள் பனி உருகித் தண்ணீராகிவிட்டது. ஆண்டுக்கணக்காக வரைந்து பார்த்தும் இதே கதைதான். உருகிய கோலம் திரும்ப வராது. அதைப் பார்த்தது அவன் ஒருவன்தான். ஊருக்கு எப்படிக் காட்டுவது?

மைக்ராஸ்கோப்புடன் இணைத்துப் படம் பிடிக்கும் காமிரா வேண்டும். அதன் விலை சுமார் 100 டாலர். அந்தக் காலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது மிகப் பெரிய தொகை. “பனிக்குப் போய் இவ்வளவு பணமா?” என்று அப்பா தயங்கினார். அம்மா எடுத்துச் சொன்னார். அப்பா வாங்கிக் கொடுத்தார்.

காமிரா வந்துவிட்டது. ஆனால் படம் வரவில்லை! பலமுறை முயன்றும் தெளிவாக விழவில்லை.

பென்ட்லி சோர்ந்து விடவில்லை. கணப்பு இல்லாத கொட்டகையில் நின்று வேலை செய்தார். சூடு பட்டால் பனி உருகிவிடும் அல்லவா? கறுப்புப் பலகையை நீட்டிப் பனித்துகளைப் பிடிப்பார். நல்ல துகளைச் சின்னக் குச்சியால் எடுத்துக் கண்ணாடியில் வைப்பார். இறகால் மெல்லத் தடவிப் படிய வைப்பார். மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுக் காற்று பட்டாலும் பனி போய்விடும்!

பிறகு ஒரு வழியைக் கண்டுபிடித்தார். காமிராவில் வெளிச்சம் நுழையும் துளையை மிகச் சிறியதாக்கினார். வெளிச்சம் குறைந்தது. அதை ஈடுகட்ட, அதிக நேரம் வெளிச்சம் விழும்படி விட்டார். படம் தெளிவாக வந்தது!

1885-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி அவருக்கு வெற்றி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19.

அதன் பிறகு, வாழ்நாள் முழுவதும் அந்த ஒரே காமிராவைத்தான் வைத்திருந்தார். 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் படம் பிடித்தார். 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அவருடைய புத்தகம் 1931-ம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

நம் ஊரில் பனித்துகள் விழாது. ஆனால் பென்ட்லி கற்ற பாடங்கள் நமக்கும் பொருந்தும்.

கையில் இருப்பதே போதும்

உங்கள் வீட்டில் இருக்கும் செல்போனிலேயே தொடங்கலாம். சில போன்களில் “மேக்ரோ” என்று தனி வசதி இருக்கிறது. பூப் படம் போட்ட பொத்தானைத் தொட்டால், பொருளுக்கு மிக அருகில் போனைக் கொண்டு போகலாம்.

அந்த வசதி இல்லாவிட்டால் கவலை வேண்டாம். கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் ஒரு லென்ஸ் வைத்துக்கொள்வாரே, பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு லென்சை, போனின் காமிராக் கண்ணுக்கு முன்னால் ஒட்டினாற்போல் பிடித்தால் போதும். போனில் மாட்டுவதற்கென்றே “கிளிப்” வைத்த லென்சும் கடைகளில் விற்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் என்றால், பொருள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கவேண்டும். தூரம் கூடினாலும் குறைந்தாலும் படம் மங்கிவிடும்.

லென்சைக் கழற்றி மாட்டும் காமிரா உங்களிடம் இருக்கிறதா? அப்படியானால், 50 மில்லிமீட்டர் லென்சைத் திருப்பி, முன்பக்கம் பின்பக்கமாக மாட்டலாம். இதற்கென்று ஒரு வளையம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. லென்சுக்கும் காமிராவுக்கும் நடுவே வெறும் குழாய்களை மாட்டுவது இன்னொரு வழி. இந்தக் குழாயில் கண்ணாடி எதுவும் கிடையாது. லென்ஸ் முன்னால் தள்ளிப் போவதால், பொருள் பெரிதாக விழுகிறது. அவ்வளவுதான்!

மேக்ரோ லென்ஸ் என்று தனியாகவும் உண்டு. விலை அதிகம். ஆசை நிலைத்த பிறகு வாங்கிக் கொள்ளலாம்.

கண்ணைப் பிடி!

அருகில் போகப் போக ஒரு சிக்கல் வரும். எறும்பின் கண் தெளிவாக இருக்கும், கால் மங்கிவிடும். காலைத் தெளிவாக்கினால், கண் மங்கிவிடும்.

ஏன்? ஆறு மில்லிமீட்டர் எறும்பு, காமிராவுக்குள்ளும் அதே ஆறு மில்லிமீட்டராக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்! அதற்கு முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் புகை மாதிரி ஆகிவிடும்.

அதனால் கண்ணைத் தெளிவாகப் பிடியுங்கள். மற்றது மங்கினாலும் பரவாயில்லை. கண் தெளிவாக இருந்தால், படத்துக்கு உயிர் வந்துவிடும்.

காமிராவில் துளையைச் சிறியதாக்கினால் ஆழம் சற்றுக் கூடும். “எஃப் 8”, “எஃப் 11” என்ற அளவுகள் நல்லவை. துளையை மிகவும் குறுக்கினால், ஒளி பரவிப் படம் முழுவதுமே சற்று மந்தமாகிவிடும்.

செல்போனில் பொருளின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்தினால், தெளிவு ஓரிடத்தில் நிற்கும். பிறகு விரலை எடுத்துவிட்டு, போனை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண் தெளியும்போது பட்டனைத் தொடுங்கள்.

முழங்கையைத் தரையிலோ மேசையிலோ ஊன்றிக் கொள்ளுங்கள். மூச்சை மெல்ல விட்டு நிறுத்திவிட்டு எடுங்கள். ஒன்று எடுத்தால் போதாது. பத்து எடுங்கள். அதில் ஒன்று தேறும்!

வெயில் ஆகாது

வெளிச்சம் வேண்டும். அதற்காக உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது. ஒரு பக்கம் வெளுத்துவிடும், மறுபக்கம் கரி போல நிழல் விழும்.

காலை வெயில் நல்லது. ஜன்னல் ஓரம் நல்லது. நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, நிழலை விரட்டும். காமிராவில் பிளாஷ் விளக்கு போட்டால், அதன் முன்னால் மெல்லிய வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். ஒளி மென்மையாகிவிடும்.

பின்னால் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பென்ட்லி பனித்துகளைக் கறுப்புப் பலகையில் பிடித்தார். நீங்கள் கறுப்புத் துணி வைக்கலாம். வெளிறிய பொருள் பளிச்சென்று எடுத்துக் காட்டும்.

முதலில் உப்பு, பிறகு எறும்பு

எடுத்த எடுப்பில் பறக்கும் தேனீயைத் துரத்தாதீர்கள். ஓடாத பொருளில் தொடங்குங்கள்.

கறுப்புத் துணியில் ஒரு சிட்டிகை தூள் உப்பைத் தூவிப் படம் எடுங்கள். ஒவ்வொரு துகளும் சின்னப் பெட்டி போலச் சதுரம் சதுரமாக இருப்பதைப் பார்க்கலாம். பிறகு சர்க்கரை, கோழி இறகு, மல்லிகை மொட்டு, புல் நுனியில் நிற்கும் பனித்துளி! கை பழகிவிடும்.

அடுத்து உயிருள்ளவை. பெரும்பாலான பூச்சிகளின் உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. அதனால் விடியற்காலைக் குளிரில் அவை சோம்பலாக இருக்கும். வெயில் ஏறியதும் பறந்துவிடும். ஆகவே, படம் பிடிக்க விரும்புகிறவர்கள் சீக்கிரம் எழுந்திருக்கவேண்டும்!

மெல்ல நெருங்குங்கள். உங்கள் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. ஓடிவிடும்.

சுவரில் வலை பின்னாமல், பாய்ந்து பாய்ந்து இரை பிடிக்கும் குட்டிச் சிலந்தி ஒன்று உண்டு. அதற்கு எட்டுக் கண்கள். முன்னால் இருக்கும் இரண்டும் கார் விளக்கு போலப் பெரியவை. நீங்கள் அருகில் போனால், அதுவே திரும்பி உங்களைப் பார்க்கும்! படம் பிடிக்க இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

தேள், குளவி, கம்பளிப்பூச்சி பக்கம் பிள்ளைகள் போகவேண்டாம். புதருக்குள்ளும் கல் இடுக்கிலும் கையை விடவேண்டாம்.

படத்துக்காகக் கொல்லாதீர்கள்!

சிலர் பூச்சியை அசையாமல் இருக்கச் செய்வதற்காக ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். பசை போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. இது பாவம். படமும் நன்றாக வராது. செத்த பூச்சியின் கால்கள் முறுக்கிக் கொண்டிருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

வண்ணத்துப் பூச்சியைத் தொட்டால் விரலில் ஒரு பொடி ஒட்டும். அது தூசி அல்ல. கூரை ஓடு போல அடுக்கடுக்காக இறக்கையை மூடியிருக்கும் செதில்கள். ஒருமுறை உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. அதனால் தொடாமல் எடுங்கள். எடுத்த பிறகு, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஒரு படம் செய்த அதிசயம்

“பூச்சியைப் படம் பிடித்து என்ன ஆகப் போகிறது?” என்று வீட்டில் யாராவது கேட்கலாம். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மலேசியாவில் குவெக் ஹாக் பிங் என்று ஒரு போட்டோக்காரர். சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு காட்டில் பச்சை நிறப் பூச்சி ஒன்றைப் படம் பிடித்தார். கண்ணாடி போன்ற இறக்கை. இறக்கையின் அடியில் கறுப்புக் கோடுகள். படம் எடுத்து முடித்ததும் அது பறந்துவிட்டது. படத்தை அவர் இணையத்தில் போட்டார்.

2011-ம் ஆண்டு, அமெரிக்காவில் இருந்த ஷான் விண்டர்டன் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் தற்செயலாக அந்தப் படத்தைப் பார்த்தார். திடுக்கிட்டார்! அந்த மாதிரிப் பூச்சியை அவர் அதுவரை கண்டதில்லை. “அந்தப் பூச்சி இருக்கிறதா?” என்று கேட்டு எழுதினார். “பறந்துவிட்டதே!” என்று பதில் வந்தது.

சுமார் ஓர் ஆண்டுக்குப் பிறகு, அதே காட்டில் அதே வகைப் பூச்சி குவெக்கின் கண்ணில் பட்டது. ஆராய்ச்சிக்காக லண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அங்கே பழைய சேகரிப்பைத் துழாவியபோது, அதே இனப் பூச்சி ஒன்று பல ஆண்டுகளாகப் பெயர் இல்லாமல் கிடந்தது தெரிந்தது!

2012-ம் ஆண்டு, அது புதிய இனம் என்று அறிவிக்கப்பட்டது. விண்டர்டன் தம் மகளின் பெயரைச் சேர்த்து, அதற்கு “செமாகிரைசா ஜேட்” என்று பெயர் வைத்தார்.

பூச்சி அருங்காட்சியகத்தில் இருந்தது. காட்டிலும் இருந்தது. ஆனால், ஒருவர் பொறுமையாக நின்று படம் எடுத்த பிறகுதான், அதை உலகம் கவனித்தது!

உங்கள் வீட்டு முருங்கை மரத்திலும், கிணற்றடியிலும், மொட்டைமாடித் தொட்டியிலும் எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. நீங்கள் எடுக்கும் படத்துடன் நாள், இடம், எந்தச் செடி என்ற மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால், பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.

பிள்ளைகள் போனைக் கேட்டு அழுகிறார்களா? நாளைக் காலையில் கொடுங்கள். கூடவே ஒரு லென்சும் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். முதல் நாள் மங்கலான படம்தான் வரும். பத்தாவது நாள் எறும்பின் முகம் வரும். அதற்குப் பிறகு, அந்த வீட்டில் யாரும் எறும்பைக் கண்டபடி நசுக்கமாட்டார்கள்!