காளான் பொடியும் கீமோ சிகிச்சையும்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஆனேக்கல் வட்டத்தின் அத்திபெலேயைக் கடந்தால் தமிழகத்தின் ஓசூர் வந்துவிடும். எல்லையின் இருபுறமும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஓசூர் சாலை வழியே பொம்மசந்திராவிலுள்ள மஜும்தார் ஷா மையத்திற்கும் பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்கும் சென்று வருகின்றன. சிகிச்சை தொடங்கியதும் உற்றார் உறவினரின் அறிவுரைகளும் தொடங்கிவிடும். காளான் மாத்திரை, சீந்தில் கஷாயம், அமுக்கராப் பொடி என்று பட்டியல் நீளும். “எதிர்ப்பு சக்தி கூடும், தீங்கு ஒன்றுமில்லை” என்பர். அன்பினால் சொல்லப்படும் இச்சொல்லில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை இங்கே காண்போம்.

எதிர்ப்பு சக்தி ஏன் குறைகிறது?

கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் இரத்த அணுக்களும் அவற்றிற்குத் தப்புவதில்லை. பெரும்பாலான மருந்துகளில், ஊசி போட்ட 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. அந்நாள்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கஷாயம் குடித்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். வெள்ளணுக்களை உயர்த்த ஃபில்கிராஸ்டிம் போன்ற ஊசிகள் உள்ளன.

காளானின் உண்மை நிலை

மருத்துவக் காளான்கள் வெறும் கட்டுக்கதை அல்ல. ஒருவகை மரக்காளானிலிருந்து பிரித்தெடுத்த பி.எஸ்.கே. என்னும் பொருளை ஜப்பான் 1977-இல் மருந்தாக ஏற்றது. ஷிட்டாகே காளானின் லென்டினான் 1985-இல் ஏற்கப்பட்டது. ஆனால் இவை தூய்மைப்படுத்தி, அளவு வரையறுத்து, கீமோவுடன் துணையாக மருத்துவர் மேற்பார்வையில் தரப்பட்டவை. கடையில் டப்பாவில் கிடைக்கும் பொடி அதற்கு ஈடாகாது. ரெய்ஷி காளான் குறித்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2016 அறிக்கை, அதை முதன்மைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே கூறியது.

மூலிகையும் மருந்தே

நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்தே வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. மூலிகைக்கு வலிமை உண்டு என்பதற்கு இதுவே சான்று. வலிமை உள்ள பொருளுக்குப் பக்கவிளைவும் உண்டு. சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அம்முடிவை ஏற்கவில்லை. பச்சைத் தேயிலைச் சத்து, போர்டெசோமிப் என்னும் மருந்தின் செயலைத் தடுப்பதை ஆய்வக, எலிச் சோதனைகள் காட்டின. குழம்பில் இடும் மஞ்சள் வேறு; செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை வேறு. பின்னது இரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும். எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவர்களுக்கோ, எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதே விரும்பத்தகாததாகலாம்.

பணமும் கவனமும்

சிகிச்சைக் காலத்தில் சேமிப்பு வேகமாகக் கரைகிறது. மருத்துவச் சீட்டின்றி வாங்கும் சத்துப் பொருள்களின் செலவைப் பொதுவாக மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை. அப்பணம் சத்தான உணவுக்கும் பரிசோதனைக்கும் பயணத்திற்கும் உதவும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திர மருத்துவ விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு உறுதி கூறும் விற்பனையாளரிடமிருந்து விலகி நிற்பதே நலம்.

நாம் செய்யக்கூடியவை

• உட்கொள்ளும் பொடி, மாத்திரை, கஷாயம் அனைத்தையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சித்த, ஆயுர்வேத மருத்துவரை அணுகினால் அவரிடமும் கீமோ மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.

• பால் காளான், சிப்பிக் காளான் ஆகியவை நல்ல உணவே. மருத்துவர் தடை சொல்லாவிட்டால், நன்கு கழுவி, முழுமையாக வேகவைத்து உண்ணுங்கள். பச்சையாக வேண்டாம்.

• கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், காய்ச்சிய நீர், சூடான புதிய உணவு ஆகியவையே கிருமியைத் தடுக்கும் முதல் அரண்.

• வீட்டில் ஒரு வெப்பமானியும், இரவிலும் அழைக்கக்கூடிய மருத்துவமனைத் தொலைபேசி எண்ணும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அன்போடு ஒருவர் கொணரும் பொடியை மறுப்பது எளிதன்று. “மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தருகிறோம்” என்ற ஒரு சொல் போதும்; உறவும் கெடாது, உடல்நலமும் காக்கப்படும்.