நாலு வாரம் விட்டாலும் பாடம் போகாது

கல்லூரியில் சொன்னார்கள் என்று என்பிடெல் பாடம் ஒன்றில் சேர்ந்தீர்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தீர்கள். மூன்றாம் வாரம் இன்டர்னல் தேர்வு, நான்காம் வாரம் வீட்டில் நடவு. அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. சரிதானே?

என்பிடெல் என்பது என்ன? ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய திட்டம். இப்போது மத்திய அரசின் ஸ்வயம் (இணையப் பாடங்களுக்கான பொதுத் தளம்) வழியாக நடக்கிறது. படிக்கக் காசில்லை, தேர்வுக்குத்தான் கட்டணம்.

விட்டது விட்டதுதானா? இல்லை. 12 வாரப் பாடத்தில் வாரம் ஒரு அசைன்மென்ட் (வீட்டில் செய்து அனுப்பும் பயிற்சி). பொதுவாக அவற்றில் நீங்கள் நன்றாகச் செய்த எட்டை மட்டுமே எடுத்து 25 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடுவார்கள். மீதி 75 நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. சான்றிதழுக்கு 25-க்கு 10, 75-க்கு 30 வேண்டும். ஆக, நாலு வாரம் முழுசாகப் போனாலும் ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. இது தெரியாமல்தான் பலர் நடுவில் கைவிடுகிறார்கள். உங்கள் பாடத்துக்கு என்ன விதி என்று அதன் முதல் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புள்ளலூர் மாதிரிக் கிராமத்தில் ராத்திரி சிக்னல் போய்விட்டால்? கெடு பெரும்பாலும் இரவு 11.59. அதுவரை இழுக்காதீர்கள். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதே கணக்கு. அதனால் தெரிந்த விடைகளைக் கல்லூரியிலிருந்தே முதலில் அனுப்பிவிடுங்கள். திருத்தம் இருந்தால் பிறகு.

வீடியோவையும் அங்கேயே டவுன்லோட் செய்துகொண்டு காஞ்சிபுரம் பஸ்ஸில் பார்க்கலாம். டேட்டா மிச்சம் என்று மிகக் குறைந்த தரத்தில் மட்டும் பார்க்காதீர்கள். குரல் கேட்கும், ஆனால் போர்டில் இருப்பது எக்ஸ் ஒன்றா, எக்ஸ் ஏழா என்று தெரியாது. கணக்குப் பாடத்தில் அதுவே தூக்கத்தை வரவழைக்கும்.

டேட்டா இருந்தால் போதாதா? 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவசமாகத் தந்தது. பெரிய உதவிதான். ஆனால் ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்த்தவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

பாடத்தில் பிடித்து நிறுத்துவது, கேட்க ஒரு ஆள் இருப்பதுதான். அதே பாடம் எடுத்த ஒரு நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் மென்டர் (பாடத்துக்குத் துணைநிற்கும் ஆசிரியர்) இருந்தால், புரியாத கேள்வியோடு போய் நில்லுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: ‘சப்மிட் பண்ணிட்டீங்களா’ என்று வாட்ஸ்அப்பில் பத்து முறை கேட்பதைவிட, வகுப்பில் அந்த வாரக் கேள்வி ஒன்றைப் போட்டுக் காட்டுவது மேல்.

இன்னொன்று. பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் பெயர் போய்விடாது. தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வேறு கடைசித் தேதி. அது தப்பினால் அசைன்மென்டில் 25-க்கு 25 இருந்தாலும் ஹால் டிக்கெட் வராது.