பனிக்காலத்தில் பாலக்கீரை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மேய்ன் மாநிலம். ஜனவரி மாதம் அங்கே வயல்வெளி முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். அந்த மாநிலத்தின் ஹார்பர்சைடு என்ற ஊரில் விவசாயி எலியட் கோல்மன் அப்போதும் கீரை அறுவடை செய்து காட்டினார். அதுவும் ஹீட்டரே இல்லாத குடில்களில்.

‘ஹை டன்னல்’ எனப்படும் இந்தக் குடில் எளிமையானது. வில்லாக வளைத்த இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் பாலித்தீன் விரிப்பு. பயிர் நேராகத் தரையில் வளரும். பக்கவாட்டு விரிப்பைச் சுருட்டி ஏற்றினால் காற்றோட்டம் கிடைக்கும். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் படலம் போர்த்திக் குடில் கட்டலாம் என்று 1948-லேயே செய்து பார்த்தவர், கென்டக்கி பல்கலைக்கழகத்தின் எமரி எம்மர்ட்.

கோல்மன் குடிலுக்குள் இன்னொரு போர்வையும் போட்டார். வளைத்த கம்பிகளை ஊன்றி, பாத்திக்கு ஓரடி உயரத்தில் மெல்லிய துணியை விரித்தார். ஒவ்வொரு போர்வையும் பயிரைச் சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தியதற்குச் சமம் என்பது அவர் கணக்கு.

ஆனால், குளிரைத் தடுத்துவிட்டால் மட்டும் பயிர் வளர்ந்துவிடாது. வெளிச்சம் வேண்டும். மேய்னில் நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை பகல் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அப்போது செடி ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விதைத்து, இருட்டுக் காலத்துக்கு முன்பே வளர்த்துவிட வேண்டும். குளிர்காலத்தில் நடப்பது பெரும்பாலும் அறுவடைதான். காலையில் விறைத்துக் கிடக்கும் பாலக்கீரையைத் தொடக் கூடாது. வெயில் ஏறி, உறைந்த இலை இளகிய பிறகே பறிக்கலாம். குளிர் தாங்க இலையில் சர்க்கரை கூடுவதால் கீரை இனிக்கும், கேரட்டும் அப்படித்தான்.

கோடையில் இதே குடில் தக்காளியை மழையிலிருந்து காக்கும். இலை நனையாததால் கருகல் நோய் குறையும். கெடுதலும் உண்டு. மழை படாத மண்ணில் உப்பு சேரும். கோல்மன் இடம் மாற்றக்கூடிய குடில்களை அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக்கையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

நம் சமவெளி விவசாயிகள் இதைப் பார்த்து அப்படியே கட்டிவிட வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய பாலித்தீன் குடிலுக்குள் செடி வெந்துவிடும். இங்கே பெரும்பாலும் நிழல்வலையே போதும்.