கதிரின் அளவைச் சொல்லும் கண்ணாடி இழை

மலேசியாவின் செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்ற இடங்களில் புற்றுநோய்க் கட்டிக்குச் செலுத்தப்படும் கதிர்வீச்சை, தொலைத்தொடர்புக் கண்ணாடி இழையைக் கொண்டே அளக்கலாம் என்பதை மலாயாப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் உள்ளிட்டோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஜெர்மானியம் சிறிதளவு கலந்த சிலிக்கா இழையில் கதிர் பாயும்போது விடுபடும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி, அணு அமைப்பின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கிறது. பின்னர் இழையைச் சூடாக்கினால் அவை வெளியேறி ஒளியாகத் தம் ஆற்றலை விடுவிக்கின்றன. வெப்ப ஒளிர்வு எனப்படும் இவ்வொளி, உறிஞ்சப்பட்ட கதிரின் அளவுக்கேற்பக் கூடும்.

இந்த இழை நோயாளிக்கு நெருக்கமானது: தலைமுடியளவே தடித்தது, நீர் புகாதது, கட்டியின் விளிம்பில் கதிரளவு சட்டெனக் குறையும் குறுகிய இடத்திலும் வைக்கத்தக்கது, தக்கவாறு சூடேற்றிப் பழைய பதிவை அழித்தால் மீண்டும் பயன்படுவது.